பெயர் எழுதாமல் வந்த கடிதம்

அக்கா போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்ன அண்ணன், "கோபப்படாம எழுதும்மா, சொந்தக்காரங்க எல்லாம் படிப்பாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் காகிதத்தையே கொடுத்தார். முயன்று பார்த்தேன், முடியவில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது ஸ்ரீராம்புரத்தில், ஒற்றை அறை வீட்டில். அப்பாவுக்கு நகராட்சியில் துப்புரவு வேலை. அம்மா சீக்கிரமே தவறிவிட, அண்ணனையும் என்னையும் அக்காதான் ஆளாக்கினார். பகலில் வீட்டு வேலைகள், மாலையில் டைப்ரைட்டிங் வகுப்பு. ஆங்கிலத்தில் லோயர், ஹையர் இரண்டும் தேறி, 1991இல் ஒரு தனியார் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். அதன்பின்தான் நாங்கள் லிங்கராஜபுரத்துக்குக் குடிவந்தோம். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "இவ படிப்பு முடியட்டும்" என்று என்னைக் காட்டித் தட்டிக்கழித்தார். என் படிப்பு முடிந்தபோது பேச்சும் நின்றுபோயிருந்தது.

அக்காவிடம் ஒரு பழக்கம். தப்பான ஆங்கில வாக்கியத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. தெருவில் யார் லீவு லெட்டர் எழுதினாலும், வேலைக்கு மனுப் போட்டாலும், சாக்கடை அடைப்பைப் பற்றிப் புகார் எழுதினாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். நேற்று நடந்ததை இன்று நடப்பதாக எழுதியிருப்பார்கள். "பிகாஸ்" என்று தொடங்கிப் பாதியிலேயே விட்டிருப்பார்கள். நாலு வாக்கியங்களைக் கமாவால் கட்டிவைத்து, முற்றுப்புள்ளியைக் கண்ணிலேயே காட்டியிருக்க மாட்டார்கள். அக்கா பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு வரியிலும் "யாரு? என்னா செஞ்சாங்க?" என்று கேட்பார். பதில் இல்லாத வரிக்கு அங்கே இடமில்லை. திருத்தியதை அவரவர் கையாலேயே மறுபடி எழுத வைப்பார்.

ஒருநாள் எதிர்வீட்டு ஆட்டோக்காரர் மூன்றாம் முறை எழுதும்போது பேனாவைப் போட்டுவிட்டார். "இன்னாக்கா இது, ஸ்கூல்ல கூட இவ்ளோ எழுதல. நீயே எழுதிக் குட்த்துடேன்."

"நாளைக்கு எவனாவது கேட்டா நான்தான் எழுதினேன்னு நீ தலை நிமிந்து சொல்லணும்ல? எழுது."

எனக்குத்தான் எரிச்சலாக வரும். சாம்பார் அடுப்பில் தீய்ந்துகொண்டிருக்க, இவர் ஊரார் கடிதத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருப்பார்.

தெருக்காரர்களையாவது எழுத வைத்தார். ஆபீசில் அதுவும் இல்லை. அக்காவின் மேலதிகாரிக்கு இரண்டு வரி ஒழுங்காக எழுத வராது. அவர் கிறுக்கித் தருவதை அக்கா பென்சிலால் திருத்தி, சுத்தமாக டைப் அடித்து, பென்சில் கோடுகளை ரப்பரால் அழித்துவிட்டுத்தான் மேஜைமேல் வைப்பார். தலைமை அலுவலகத்தில் அந்த அதிகாரியின் ஆங்கிலத்துக்கு ஏகப்பட்ட புகழ். "அழிக்காம வையேன்க்கா" என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். "பெரிய மனுஷன், சங்கடப்படுவார்டி" என்பார். அட, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை!

இரண்டாயிரம் பிறந்ததும் ஆபீசில் கம்ப்யூட்டர்கள் வந்தன. ஒரு சனிக்கிழமை அந்த அதிகாரி, "ஸ்வல்ப நோடம்மா, அர்ஜென்ட்" என்று கன்னடத்தில் சொல்லி, கொஞ்சம் பார்க்கச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தாராம். வேலையிலிருந்து நீக்கும் கடிதம். பெயர் வரவேண்டிய இடம் காலி. அக்கா அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"யாருக்குக்கா இது?"

"தெரியல. யாரோ பாவம்."

"பாவம்னா நீ ஏன் அதைத் திருத்துற? அப்படியே அடிச்சுக் குடு!"

"வாங்குறவங்க இதை ரெண்டு தடவ படிக்கிற மாதிரி இருக்கக் கூடாதுடி. ஒரு தடவ படிச்சா புரியணும். ஒரு தடவ படிக்கிறதே பெரிய கொடுமை."

குழம்பிக் கிடந்த ஒரு பத்தியை நாலு சின்ன வாக்கியங்களாகப் பிரித்தார். கடைசியில், இத்தனை வருட உழைப்புக்கு நன்றி என்று ஒரு வரியும் சேர்த்தார். அது அந்த அதிகாரிக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை அந்தக் கடிதம் அக்காவுடைய பெயரிலேயே வந்தது. அதே நாலு வாக்கியங்கள், அதே நன்றி. நான் வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அந்த ஆளை, அந்தக் கம்பெனியை, கடைசியில் அக்காவையும். அக்கா காலணியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரே தடவதான் படிச்சேன். புரிஞ்சுட்டுது" என்றார்.

அதன்பிறகு அக்கா வேறு வேலைக்குப் போகவில்லை. வீட்டிலேயே ஜாப் டைப்பிங் செய்தார். கம்ப்யூட்டர் சென்டர்கள் தெருவுக்குத் தெரு வந்ததும் அதுவும் குறைந்தது. அப்புறம் சிறுநீரகம் கெட்டது. கால் வீங்கியதை வெகுநாள் எங்களிடம் மறைத்தார். அதற்கும் எனக்குக் கோபம்தான்.

ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து என் ஆபீசுக்கு லீவு லெட்டர் எழுதினேன். அக்கா தாளை வாங்கி, பென்சில் கேட்டார். படுத்தபடியே இரண்டு இடங்களில் திருத்தினார்.

"எத்தினி நாள்னு எழுதலியே?"

"எனக்கு எப்பிடிக்கா தெரியும்?"

அவரே பத்து நாள் என்று எழுதினார். "போதும்" என்றார். ஒன்பதாம் நாள் காலையில் போய்விட்டார்.

இரவு பகல் பாராமல் ஆட்டோ ஓட்டிய எதிர்வீட்டுத் தம்பிக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு எரிய விடாமல் சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், அக்காவைப் பெயர் சொல்லாமல் "டீச்சரம்மா" என்றே அழைத்த நர்சுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்த அதிகாரிக்கும் நன்றி சொல்லவேண்டும் என்கிறார் அண்ணன். அதிகாரி ஆங்கிலத்தில் ஒரு இரங்கல் கடிதம் அனுப்பியிருக்கிறார். முதல் வரி பிகாஸ் என்று தொடங்கி எங்கும் போய்ச் சேரவில்லை. முற்றுப்புள்ளியைத் தேடவேண்டியிருக்கிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் திருத்திவிடலாம் என்று பென்சிலை எடுத்தேன், வைத்துவிட்டேன். அக்கா இருந்தால் என்னைத் திட்டிவிட்டு, பிடுங்கித் திருத்தியிருப்பார். அக்கா இல்லை. அதனால் கடைசிப் பக்கத்தில் அந்தக் கடிதம் அந்த அதிகாரி எழுதியபடியே இருக்கிறது.