பொம்மிடிக்கு மேலே பதினோரு மணி

போன வாரம் முதன்முதலாக விமானத்தில் பறந்தேன். சென்னையிலிருந்து கோவைக்கு. ஒரு மகளிர் சங்கத்தில் பேசக் கூப்பிட்டு, டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ரயிலில் ராத்திரி பூராவும் போகிற தூரம்... ஒன்றேகால் மணி நேரத்தில்!

ஜன்னலோர இடம். கீழே மேகம், மேலே யாருக்கும் இல்லாமல் காய்கிற வெயில். பேச வேண்டிய பேச்சே மறந்துபோயிற்று. கடிகாரத்தைப் பார்த்தேன். கிளம்பி முக்கால் மணி – அப்படியானால் இப்போது கீழே எங்கள் ஊர் பொம்மிடி!

எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஆறு வருஷத்துக்கு முன் நானே போட்ட கணக்கு அது.

அண்ணன் அப்போது வீட்டோடு ஒட்டில்லாமல் இருந்தான். கல்யாண விஷயத்தில் அப்பாவோடு சண்டை. மூன்று வருஷமாகக் கடுதாசி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும் அம்மா முழங்காலிலேயே இருப்பாள்.

சேலத்தில் ஹாஸ்டலில் இருந்த எனக்குத் திடீரென்று அவனிடமிருந்து ஒரு கார்டு. 'கம்பெனி வேலையாக அடுத்த மாதம் முதல் ஞாயிறு, காலை பத்தேகாலுக்குச் சென்னையில் பிளேன் ஏறுகிறேன். கோவை போகிற வழியில் நம் ஊர்ப் பக்கம்தான் பறக்குமாம்.'

அட்லஸை விரித்து ஸ்கேலை வைத்தேன். கோடு பொம்மிடியை உரசிக்கொண்டு போனது. நேரத்தையும் வகுத்துப் பார்த்தேன். பதினோரு மணி! உடனே அம்மாவுக்கு எழுதினேன் – 'நம் கடலைக்காட்டுப் பாறைமேல் உன் மஞ்சள் சேலையை விரித்து வை. அண்ணன் பார்ப்பான்.' அவனுக்கும் அதையே எழுதிப் போட்டேன்.

பறந்த மறுவாரமே அம்மாவுக்கு அவன் கடிதம் வந்தது. 'மஞ்சள் சேலையைப் பார்த்தேன் அம்மா. பக்கத்தில் நீ நின்றதையும் பார்த்தேன்.'

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மனைவியோடு வந்து இறங்கினான். அப்பா வாசல்வரை போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

இப்போது நான் எட்டிப் பார்த்தால்... பாறையா? பொம்மிடியையே காணோம்! மேகம் விலகிய இடத்தில் பச்சையும் செம்மண்ணுமாய் ஏதோ திட்டுகள். இதில் சேலை எங்கே, அம்மா எங்கே? நன்றாகப் புளுகியிருக்கிறான்! ஏனோ கோபம் வரவில்லை. கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தபடி மிதந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது.

திரும்பும்போது ரயிலில் வந்து பொம்மிடியில் இறங்கிக்கொண்டேன். அம்மா முதலில் கேட்டது அதைத்தான்.

"ஏங்கண்ணு, மேல இருந்து நம்ம வூடு தெரிஞ்சுச்சா?"

"ஓ! பாறைகூடத் தெரிஞ்சுதும்மா. அண்ணன் உன் சேலையப் பார்த்தானே, அதே பாறை!"

அம்மா சிரித்தாள். "சேலைய எங்க விரிச்சேன்? அன்னிக்குப் பாறை பூரா கடலை காயப் போட்டிருந்துச்சு. நான் பாட்டுக்குக் கெளறிக்கிட்டு இருந்தேன். தலைக்கு மேல சத்தம் மட்டும் கேட்டுச்சு."

"அப்போ... அவன் எழுதினது?"

"படிக்கறப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆத்தா மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்றான்னா, அவன் இன்னும் என் புள்ளதான? அதான் உங்கப்பாவ ஒக்கார வெச்சு, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வாடான்னு எழுத வெச்சேன்."

நான் சொன்ன பொய்க்கு எத்தனை மார்க் என்று கேட்க... தைரியம் வரவில்லை!