துண்டு போர்த்திய கம்ப்யூட்டர்

என் மகள் பிள்ளை பெற்று காஜா பெராங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தபோது கம்ப்யூட்டரும் கூடவே வந்தது. கோலாலம்பூரில் எண்ணெய் தேடுகிற ஒரு கம்பெனியில் அவளுக்கு ஒப்பந்த வேலை. பச்சை உடம்புக்காரி, காதில் பஞ்சு, வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டின துணி, அந்தக் கோலத்திலேயே உட்கார்ந்து தட்டுவாள். இந்த வேலையைச் சொன்ன நேரத்துக்குக் கொடுத்தால்தான் அடுத்த வருஷமும் எடுப்பார்களாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். என்ன வேலை என்று ஒருநாள் பயந்து பயந்து கேட்டேன்.

"கடலுக்கு அடியில அதிர்வு அனுப்புவாங்கம்மா. பாறையில பட்டுத் திரும்பி வர்றதைப் பதிவு பண்ணுவாங்க. அது மலை மாதிரி சேர்ந்துடும். அதனால சின்னச் சின்ன அலையாப் பிரிச்சு, முக்கியமில்லாததை விட்டுட்டு, அமுக்கி வச்சிருக்காங்க. நான் அதைத் திரும்ப விரிச்சுக் கொடுக்கணும்."

"விட்ட அலை திரும்ப வருமா?"

"வராது. ஆனா இல்லாதது தெரியாது."

எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது.

படமில்லாத கறுப்புத் திரை. அதில் ஒரு வரி ஆங்கிலம் அடித்து ஒரு தட்டு தட்டினால் அது பாட்டுக்கு விரித்துக்கொண்டு போகும். கடைசி நாள் காலையிலும் அப்படித் தட்டிவிட்டுப் பசியாறினாள். சாயங்காலம் கூரியர்காரன் வந்து, விரித்ததைப் பதிந்த டிஸ்க்கை வாங்கிப்போக வேண்டும்.

மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீடு கம்போங் செட்டி அம்மாவுடையது. பல தலைமுறைக்கு முன்னே இங்கே வந்த செட்டி வம்சம், அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். துணி எடுக்க வந்தவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "காக், துத்துப் செர்மின்!" என்றார். அக்கா, கண்ணாடியை மூடு என்கிறார். மின்னல் வெட்டினால் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் முகம் பார்க்கும் கண்ணாடியை மூடிவிடுவோம். நான் அலமாரிக் கண்ணாடிக்குச் சேலை போட்டு, டெலிபோன் ஒயரையும் பிடுங்கினேன்.

"கம்ப்யூட்டரையும் பிடுங்கிடவா?"

"ஐயோ வேணாம்மா. நின்னா மறுபடி முதல்லேர்ந்து." சொல்லிக்கொண்டே பிள்ளையின் துண்டை எடுத்துத் திரைமேல் போட்டாள்.

"இவ்வளவு படிச்சவ, நீயுமா?"

"அதுவும் பளபளன்னு கண்ணாடிதானே. உங்க மகதானே நான்." சிரித்தாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே தூங்கிப்போனாள். ராத்திரியெல்லாம் கண் மூடாதவள்.

மழை விடவே இல்லை. நான் கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்தேன். உள்ளே விசிறி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வேலை நடக்கிறது என்று மனசுக்கு நிம்மதி.

இடி ஓய்ந்த பிறகு அவளே எழுந்து வந்து துண்டை எடுத்தாள். திரையைப் பார்த்தாள். துண்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?"

"பழைய ஃபைல் ஒண்ணு இருக்கு, அதும்மேலேயே எழுதவான்னு கேட்டுட்டு நிக்குது. துண்டு போட்ட கொஞ்ச நேரத்திலேயே கேட்டிருக்கு."

"என்ன பதில் சொல்லணும்?"

"ஒய்னு ஒரு எழுத்து."

ஒய் எனக்குத் தெரியும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏபிசி முழுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கேள்வி துண்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறது, நான் இந்தப் பக்கம் பூண்டு உரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தெரிந்திருந்தாலும் தொட்டிருப்பேனா என்பது வேறு.

அவள் அந்த எழுத்தைத் தட்டினாள். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் எண் ஒவ்வொன்றாக நகர்ந்தது. நடுராத்திரி வரைக்கும் ஓடும் என்றாள். நான் டெலிபோன் ஒயரை மாட்டினேன். உடனே மணி அடித்தது. அவளுடைய மேலாளர்.

"யெஸ் சார்... இல்ல சார்... இடி சார், டெலிபோனைக் கழட்டி வச்சிருந்தோம்." துண்டைப் பற்றி அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்?

நான் மிளகு ரசத்தை ஆற்றிக்கொண்டு நின்றேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அதுதான். அடுத்த வருஷம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்தப் பேச்சிலேயே சொல்லிவிட்டார்களாம். அதை அவள் எனக்குச் சொன்னது பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகு.

வாசலில் கூரியர்காரன் ஹாரன் அடித்தான். அவள் வெளியே வரக்கூடாத உடம்பு என்று நான்தான் போனேன். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், "சுடா சியாப், மாக்சிக்?" என்றான். தயாரா ஆன்டி என்கிறான்.

எனக்கு அந்நிய ஆம்பிளையிடம் பேச்சு வராது. கதவைப் பிடித்துக்கொண்டு, "பெலும்" என்றேன். இன்னும் இல்லை.

அவன் தலையாட்டிவிட்டு வண்டியைத் திருப்பினான். உள்ளே அந்த விசிறி ஓடிக்கொண்டிருந்தது.