ஓரத்தில் ஒரு அங்குலம்

இது பட்டப்பகலில் நடந்தது. மின்சாரம் இருந்தது, அலுவலகச் சுவரில் கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. கனவு கண்டிருப்பாய் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பழைய எழுத்துருக்களைக் கணினியில் திரும்ப வரைவது என் வேலை. பழம்பொருள் வியாபாரி ஒருவர், தன் கடைப் பெயர்ப்பலகைக்கு வேண்டும் என்று ஒரு மாதிரித் தாளைக் கொடுத்திருந்தார். ஒடுங்கி உயர்ந்த எழுத்துகள். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் குட்டிப் பாதம், கொஞ்சம் சுருள். தாளின் மூலையில் சின்னதாக ஒரு பூ. அதை வரைய எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன். மகளுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். மூன்று இரவுகளாக நான் கண்ணை மூடவில்லை.

எழுத்து சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, வீட்டில் இருப்பவர்களின் பெயரையும் பிறந்த தேதியையும் அடித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். மேலே என்னுடையது, கீழே மகளுடையது. இரண்டு வரியும் கட்டத்தை முழுக்க நிரப்பும்படி இடைவெளி வைத்தேன்.

மணி 2.40. டொக்...

மகளின் வரி மட்டும் ஒடுங்கியிருந்தது. தேதிக்குப் பிறகு ஓரத்தில் ஒரு அங்குலம் காலி. கை தவறிப் பட்டிருக்கும் என்று இழுத்துச் சரிசெய்தேன்.

2.55. டொக்... டொக்... கல்லில் உளி படும் சத்தம். மறுபடி அதே அங்குலம்.

3.10. மறுபடியும். "எக்கேடும் கெட்டுப் போ" என்று அப்படியே சேமித்தேன். அலுப்பில் செய்த தப்பு.

3.20. வீட்டிலிருந்து மனைவி போனில் கூப்பிட்டாள்.

"காய்ச்சல் ஏறிட்டே போகுதுங்க. கூப்பிட்டா கண்ணே திறக்க மாட்டேங்குறா... சீக்கிரம் வாங்க."

பையைத் தூக்கிக்கொண்டே வியாபாரிக்குப் போன் செய்தேன். இன்று முடியாது என்றேன்.

"பரவாயில்ல சார். பூவை மட்டும் விட்டுடாதீங்க. அது கல்லறைக் கல்லுல பேர் வெட்டினவரோட எழுத்து. ஆள் படுக்கையில இருக்கும்போதே வெட்டிடுவாராம், கடைசித் தேதிக்கு ஓரத்துல இடம் விட்டு. பிழைச்சுட்டா அந்த இடத்துல பூ."

பை கீழே விழுந்தது.

உட்கார்ந்தேன். கோப்பை மறுபடி திறந்தேன். டொக் டொக் டொக்... என் தோளுக்குப் பின்னால். திரும்பவில்லை.

காலி இடத்தில் ஒரு எண்ணின் பாதம் முளைத்திருந்தது.

பூவை வரைந்தேன். அதன்மேல் வைத்தேன்.

சத்தம் நின்றது.

3.47. மறுபடி போனில் மனைவி. "தண்ணி கேக்குறா..."

அழுதுவிட்டேன்.

இப்போது மகள் பள்ளிக்குப் போகிறாள், என்னோடு சண்டையும் போடுகிறாள். போன வாரம் கோப்பைத் திறந்தேன். அவள் வரியில் பூ பத்திரமாக இருந்தது.

மேல் வரி ஒடுங்கியிருந்தது. என் பெயர், பிறந்த தேதி... ஓரத்தில் ஒரு அங்குலம்.

பூ வைத்தேன். அழிந்தது. மறுபடி வைத்தேன். அழிந்தது.

மாதிரித் தாளை எடுத்துப் பார்த்தேன். மூலை வெறுமையாக இருந்தது.

இருந்தது ஒரே ஒரு பூ. அதை மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.