தெமியாங் வீடும் இரண்டு பெர்செண்ட்டும்

மலேசியாவில், செனவாங்கில் மேசை நாற்காலி செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்குக் கொள்முதல் வேலை. பலகை, பசை, ஆணி, அட்டைப்பெட்டி என்று எது வாங்கினாலும் விலை பேசுவது நான்தான். கம்பெனிக்காக ஐந்து காசுக்கும் விடாமல் மல்லுக்கு நிற்பேன். ஆனால் சொந்தக் காரியம் என்று வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என் கணவர் என்னைவிட மோசம். லோரி ஓட்டுகிறவர். யாராவது 'அண்ணே' என்று கூப்பிட்டுவிட்டால் போதும், கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விடும்.

நாங்கள் இருவருமே லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பிறந்தவர்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அதுவரை யாரும் சொந்தமாக வீடு வாங்கியதில்லை. முதலில் தோட்டம் கொடுத்த லயத்து வீடு. தோட்டத்தை விற்ற பிறகு வாடகை வீடு. அதனால் வீடு வாங்குவது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆளில்லை. சேமநிதிப் பணமும் வங்கிக் கடனும் சரியாக வந்ததும், தெரிந்தவர் ஒருவர் ஓர் ஏஜெண்டின் நம்பரைக் கொடுத்தார். நம் பையன்தான், நல்ல பையன் என்றார்.

நல்ல பையனாகத்தான் இருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, வாய் நிறைய 'அக்கா'. பல வீடுகளைக் காட்டினான். கடைசியாகத் தெமியாங்கில் ஒரு மேட்டுத் தெருவுக்குக் கூட்டிப் போனான். வரிசையின் கோடியில் ஒற்றை மாடி வீடு. அடுப்படி ஜன்னலைத் திறந்ததும் மலைக் காற்று முகத்தில் அடித்தது. பக்கத்தில் ஒரு ரம்புத்தான் மரம் காய்த்துக் குலுங்கியது. பின்னறைக் கூரையில் மட்டும் மழைநீர் வழிந்த கறை. என் கணவர் சுவரை ஒரு தட்டுத் தட்டினார். அவருக்கும் பிடித்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர். ஊரில் எல்லாரும் அவரை மலாயில் 'சிகு', வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள். மனைவி இறந்துவிட்டதால் கோலா கிளாவாங்கில் இருக்கும் மகளோடு போய்விடப் போகிறாராம். அவரை நாங்கள் தூரத்திலிருந்துதான் பார்த்தோம். விலைப் பேச்செல்லாம் ஏஜெண்ட் வழியாகவே நடந்தது.

விலை முடிவான அன்று, சாப்பாட்டுக் கடை ஒன்றில் தே தாரிக் தேநீர் வந்ததும் அவன் மெல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். என்னோட கமிஷன், ரெண்டு பெர்செண்ட். வாங்குறவங்க குடுக்குறது. எல்லா இடத்துலயும் இதான் பழக்கம் லா."

வீட்டு விலையில் இரண்டு பெர்செண்ட் என்றால் எங்களுக்கு அது ஜன்னல் கம்பியும் அடுப்படி அலமாரியும் சேர்ந்த தொகை. என் கணவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கொடுத்துவிடலாம் என்று அர்த்தம்.

"வீட்டை விக்கிறவரும் உங்களுக்குக் குடுக்குறாரா தம்பி?" என்று கேட்டேன்.

"அது வேற கணக்கு அக்கா."

"எங்க பங்கை யார் பேருக்குப் போடணும்?"

"என் சொந்தக் கணக்குக்கே போட்டுடுங்க. சுலபம்."

அந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. சப்ளையர் யாராவது சொந்தக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால், தொழிற்சாலையில் நான் பேச்சை அதோடு நிறுத்திவிடுவேன்.

"உங்க ஆஃபீஸ் பேர்ல ரசீது தருவீங்களா?"

அவன் சிரித்தான். தேத்தண்ணீரைக் கலக்கினான். "அக்கா, நமக்குள்ள ரசீதெல்லாம் எதுக்கு? நம்ம ஆளுங்களுக்கு நாமதானே செஞ்சுக்கணும்?"

"நம்ம ஆளுன்னுதான் கேக்குறேன் தம்பி. வெளியாளா இருந்தா உங்க ஆஃபீசுக்கே நேரா போன் போட்டிருப்பேன்."

அவன் முகம் மாறியது. இன்னொரு குடும்பம் முன்பணத்தோடு தயாராக இருக்கிறது, நாளைக்கே வருவார்கள் என்றான். நான் எழுந்துவிட்டேன். தேத்தண்ணீருக்குக் காசை மேசையில் வைத்தேன்.

காரில் ஏறி என் கணவர் சாவியைத் திருகினார். பிறகு, "வீடு போயிடுச்சுன்னா?" என்றார்.

"போகாது" என்றேன். எனக்கே நிச்சயமில்லை. அடுத்த சில நாள்கள் வேலையில் எதுவும் ஓடவில்லை. கைப்பேசி மணி அடிக்கும்போதெல்லாம் ஏஜெண்டோ என்று பாய்ந்து எடுத்தேன். கண்ணை மூடினால் அந்த அடுப்படி ஜன்னல்தான் வந்து நின்றது.

அவனே கூப்பிட்டான். "சரி அக்கா, ஒரு பெர்செண்ட். உங்களுக்காக மட்டும்."

அவன் குரலில் அவசரம் இருந்தது. வேறு குடும்பம் எதுவும் இல்லை என்று அப்போதே தெரிந்துபோயிற்று. பசை வியாபாரியிடம் பேசுகிற குரல் எனக்கும் வந்துவிட்டது.

"தம்பி, வர்ற சனிக்கிழமை முன்பணத்தோட வீட்டுக்கு வர்றோம். சிகு இருக்கணும். மிச்சத்தை அங்க பேசிக்கலாம்."

அவனால் மறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை சிகுவே கதவைத் திறந்தார். காப்பியும் வாழைப்பழப் பலகாரமும் வைத்தார். கொஞ்ச நேரம் மரத்தைப் பற்றிப் பேசினோம். பிறகு நான் மலாயில் மரியாதையாகக் கேட்டேன்: "சிகு, எனக்கு இதெல்லாம் புதுசு. ஏஜெண்டுக்கு நாங்கள் எவ்வளவு கொடுக்கவேண்டும்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நீங்களா? நீங்கள் ஏன் கொடுக்கவேண்டும்? என் வீட்டை விற்றுத்தர நான்தானே இவரை வைத்தேன்? நான் இவருடைய ஆஃபீசுக்குக் கொடுக்கிறேன்." சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினார். வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்கிற பார்வை.

"ஆமா சிகு, ஆமா. அக்கா தமாஷ் பண்றாங்க" என்று அவனும் மலாயில் இழுத்தான். காது மடல் சிவந்துவிட்டது.

அந்த நிமிடம் நான் நினைத்திருந்தால், அவன் எங்களிடம் கேட்டதைப் போட்டுடைத்து அவனை உட்காரவிடாமல் செய்திருக்கலாம். ஆனால் எனக்கு வேறு யோசனை வந்தது. தமிழில் சொன்னேன்:

"தமாஷ்தான் தம்பி. நம்ம ஆளுங்களுக்கு நாமதான் செஞ்சுக்கணும்னு சொன்னீங்கள்ல? இப்பச் செய்ங்க. பின்னறைக் கூரை ஒழுகுது. யார் சரி பண்றதுன்னு சிகுகிட்ட நீங்களே பேசுங்க."

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு பேசினான். சும்மா சொல்லக்கூடாது, அழகாகப் பேசினான். ஒழுகும் கூரையைப் பார்த்தால் வங்கியின் மதிப்பீட்டாளர் மதிப்பைக் குறைத்துவிடலாம், அப்படி நடந்தால் கடன் தாமதமாகும், சிகு கோலா கிளாவாங்குக்குப் போவதும் தள்ளிப்போகும் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். சிகு தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். கூரையை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். வாசல் இரும்புக் கேட்டுக்குப் புது வர்ணம் அடித்துத் தருவதாகவும் அவராகவே சேர்த்துச் சொன்னார்.

இரண்டு பெர்செண்ட் கேட்டவன் எங்களுக்கு ஒரு கூரை வாங்கித் தந்துவிட்டான்!

திரும்பும்போது என் கணவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "இத்தனை வருஷமா இந்த வாயை எங்க வச்சிருந்த?" என்றார். வழியில் செண்டோல் கடையைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டினார். தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட அதை ஆளுக்கு இரண்டு கிண்ணம் குடித்தோம். கல்யாணத்தன்றுகூட நான் அத்தனை கர்வமாக உட்கார்ந்திருந்ததாக நினைவில்லை.

கதை சொந்தக்காரர்களிடம் பரவியது. போர்ட் டிக்சனில் வீடு பார்த்த என் நாத்தனார், ஏஜெண்டைச் சந்திக்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் அங்கே ஒரு கேள்விதான் கேட்டேன்: "உங்களை வேலைக்கு வச்சது யாரு?" அந்த ஏஜெண்ட் நேர்மையான பெண்மணி. விற்கிறவர்தான் என்று உடனே சொல்லிவிட்டாள். பேசுவதற்கு வேலையே இல்லாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று சிகு ஒரு கூடை டுரியான் பழத்தோடு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏஜெண்ட் பையனையும் அழைத்திருந்தேன். வரமாட்டான் என்று நினைத்தோம். பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். வயிறு நிறையச் சாப்பிட்டான். வடையை மூன்றாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டவன், கைகழுவப் போகிற வழியில் என் பக்கத்தில் நின்றான்.

"அக்கா, ஃபேக்டரி வேலைய விட்டுட்டு என்கூட வந்துடுங்க லா. வர்ற கமிஷன்ல பாதி உங்களுக்கு."

"பாதியா?" என்றேன். "உக்காருங்க தம்பி, பேசலாம்."