அவள் கேமராவில் இருந்த ஃபிலிம்

பழைய ஃபிலிம் கேமராவை ஊசித்துளைக் கேமராவாக மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முன்பக்கத்து லென்ஸைக் கழற்ற வேண்டும். அதன் பின்னால் இருக்கும் ஷட்டரையும் எடுத்துவிட வேண்டும். குளிர்பான டப்பாவிலிருந்து ஒரு சின்னச் சதுரம் வெட்டி, நடுவில் தையல் ஊசியால் மெல்லக் குத்தி, மறுபக்கம் எழும்பும் பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, லென்ஸ் இருந்த இடத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது. துளையின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப். டேப்பைத் தூக்கினால் வெளிச்சம் உள்ளே போகும், ஒட்டினால் நின்றுவிடும். லென்ஸ் இல்லாமல் எப்படிப் படம் விழும் என்று கேட்காதவர்கள் கிடையாது. விழும். கொஞ்சம் மெதுவாக விழும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஃபோன் இருக்கிறது.

பதினொரு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். பிழைப்புக்கு அல்ல, பிழைப்புக்கு ஒரு அலுவலகம் இருக்கிறது. மயிலாப்பூரில் மூன்றாவது மாடி வீடு. சாப்பாட்டு மேசையில் ஜன்னலோர முனை என்னுடையது. திருப்புளி, குறடு, ஊசி, பூதக்கண்ணாடி, வயிறு திறந்த இரண்டு மூன்று கேமரா எப்போதும் அங்கே கிடக்கும். என் மனைவி அந்த முனைக்கு ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்திருந்தாள். "போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சுதுன்னா சொல்லுங்க, தட்டு வைக்கணும்" என்பாள். வேலையில் இருக்கும்போது பின்னாலிருந்து, "ஏங்க, இங்க பாருங்களேன்" என்று கூப்பிடுவாள். சிலிண்டர் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் தண்ணீர் லாரி வந்திருக்கும். நான் இடது கையை மட்டும் தூக்கிக் காட்டுவேன். இரு என்று அர்த்தம். துளை போடுகிற நேரத்தில் தலையைத் திருப்பினால் ஊசி ஒரு மயிரிழை விலகிவிடும், தகடு வீண். இது உண்மைதான். ஆனால் துளை போடாத நேரத்திலும் நான் கையைத்தான் தூக்கினேன்.

கடையில் வாங்கிவரும் கேமரா எதையும் நேரடியாகத் திறக்க மாட்டேன். மேலே இடது மூலையில் ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழ் ஒன்று இருக்கும். முதலில் அதை மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். லொடலொடவென்று சுற்றினால் உள்ளே ஒன்றும் இல்லை. கொஞ்சம் போய் இறுகினால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது, யாரோ பாதியில் விட்டிருக்கிறார்கள். அப்போது பின்கதவைத் திறந்தால் எடுத்த படமெல்லாம் வெளிச்சம் பட்டு எரிந்துவிடும். இந்தச் சோதனையால் இரண்டு முறை யாருடைய படங்களையோ காப்பாற்றியிருக்கிறேன். ஒன்று ஒரு காதுகுத்து. இன்னொன்றில் முழுக்க ஒரே ஸ்கூட்டர், எட்டுத் திசையிலிருந்தும். முன்பின் தெரியாதவர்கள் விஷயத்தில் நான் அவ்வளவு கவனமானவன்.

ஊசித்துளைப் படத்தில் ஒரு குறை உண்டு, நான் அதைக் குறை என்று ஒப்புக்கொண்டதில்லை. வெளிச்சம் மங்கிய நேரத்தில் எடுத்தால் டேப்பைத் தூக்கி இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் வைத்திருக்க வேண்டும். அதற்குள் நகர்கிற எதுவும் படத்தில் தங்காது. எனக்குச் சாயங்கால வெளிச்சம்தான் பிடிக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மாலை பெசன்ட் நகர் கடற்கரையை எடுத்தேன், மணலும் கடலும் மட்டும் விழுந்தன. அவள் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை அங்க ஒரு சுண்டல்காரன்கூட இல்லாம படம் எடுக்க உங்களாலதான் முடியும்" என்றாள். ஒரு தடவை அவளே கேமரா முன் நின்றாள். இரண்டு நிமிடம் ஆடாமல் நிற்கச் சொன்னேன். முந்தானையைச் சரிசெய்தாள், பலூன்காரரிடம் வழிவிட்டு நில்லுங்கள் என்றாள், என்னிடம் இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். படத்தில் ஒரு சாம்பல் தீற்றல் மட்டும் இருந்தது. "ஒரு ஆளையாவது எடுங்களேன்" என்றாள். ஆள் வேண்டுமென்றால் ஃபோனில் எடுத்துக்கொள் என்றேன்.

அவளுக்கென்று ஒரு கேமரா இருந்தது. கல்லூரியில் ஊட்டிக்குச் சுற்றுலா போனபோது அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கும். "ஊர்ல இருக்குற கேமராவை எல்லாம் குருடாக்குங்க, இதுல மட்டும் கை வைக்காதீங்க" என்று சொல்லியிருந்தாள். நானும் வைக்கவில்லை.

போன ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறாவது நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவள் பெயர் வைத்த ஆஸ்பத்திரி அல்ல, நிஜமானது.

நான் அழவில்லை. திடமாக இருக்கிறார் என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். திடமெல்லாம் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, கடித்தாலும் தெரியாது, காபி வழிந்தாலும் தெரியாது, அப்படி இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அலுவலகம் போனேன். சாப்பிட்டேன், தூங்கினேன். மகள் இரவில் தன் அறையில் அழுவது கேட்கும். எழுந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியும். தெரிந்துகொண்டே படுத்திருந்தேன்.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பீரோவைத் திறந்து அவள் கேமராவை எடுத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிய காரணம் இல்லை. வீட்டில் பிரிக்க வேறு கேமரா மிச்சம் இல்லை. அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததே தவிர கை நிற்கவில்லை. முன்பக்கத் திருகுகளைக் கழற்றி லென்ஸை எடுத்தேன். ஷட்டரின் மெல்லிய இதழ்களைக் குறடால் பிடுங்கினேன், அவை மடங்கிப் போயின. இனி அந்தக் கேமராவைப் பழையபடி ஆக்க முடியாது. அதன் பிறகு உட்புறத்தைத் துடைப்பதற்காக, ஜன்னல் வெயிலில் வைத்து, பின்கதவைத் திறந்தேன்.

உள்ளே ஃபிலிம் இருந்தது.

மூன்று எண்ணுவதற்குள் மூடிவிட்டேன். அந்த மூன்று எண்ணும் நேரமே தாராளம். குமிழைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும், அரை நிமிட வேலை. எவன் எவனுடைய கேமராவுக்கோ செய்ததை என் பெண்டாட்டி கேமராவுக்குச் செய்யவில்லை. அதில் என்ன இருக்கப்போகிறது, எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. கதவை அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

மகள் காபியோடு வந்தாள். மேசையில் கிடந்த லென்ஸைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"அது அம்மாவோடதுல்ல?"

"ஆமா."

"அதுல ரோல் இருக்குப்பா."

"பாத்தேன்."

"பாத்தேன்னா? திறந்துட்டியா?"

அவள் காபியை மேசையில் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த ரோலை வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்றாள். இறப்பதற்கு முந்தைய ஆறேழு மாதம், அவள் அம்மா எனக்குத் தெரியாமல் என்னைப் படம் எடுத்துவந்திருக்கிறாள். மேசையில் நான் வேலை செய்யும்போது, சமையலறை வாசலிலிருந்து, கூடத்திலிருந்து.

"உன் படத்துல ஆளே இல்லைன்னு சொல்லுவால்ல? நான் ஆளை வச்சு எடுத்துக் காட்டுறேன்னா. நீயா நிமிர்ந்து அவளைப் பாக்குற மாதிரி ஒண்ணு விழுந்துட்டா போதுமாம். அன்னிக்கே ரோலை உன் கையில குடுத்து, கழுவிட்டு வாங்கன்னு சொல்லப் போறேன்னா."

"விழுந்துதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? எத்தனை எடுத்தான்னே தெரியாது" என்றாள். கழற்றிக் கிடந்த லென்ஸைக் கையில் எடுத்து, "வேற எதுவுமே கிடைக்கலையாப்பா உனக்கு, பிரிக்கிறதுக்கு" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. அதன் பிறகு நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

அன்றே லேபுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். போகவில்லை. கழுவினால் என்ன மிஞ்சியது என்று தெரிந்துவிடும். உள்ளேயே இருக்கும்வரை எல்லாமே மிஞ்சியிருக்கலாம். இதை மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. எடுக்காத மீதி ஃபிலிம் டப்பிக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது, அதை முடித்துவிட்டுக் கழுவலாம் என்று ஒரு சாக்குச் சொன்னேன். துளையிட்ட தகட்டை ஒட்டினேன், கதவைச் சுற்றிக் கறுப்பு டேப் போட்டேன்.

"அம்மா ரோல்ல உன் காலி ரோட்டையா எடுத்து வைக்கப் போற?" என்றாள்.

அதைத்தான் செய்தேன். வாரம் ஒன்று இரண்டு என்று எடுத்தேன். தெப்பக்குளத்தின் படிகள். கோட்டூர்புரம் பாலத்திலிருந்து அடையாறு. கடற்கரை, ஆளில்லாமல். பத்துப் படம் எடுத்தபோது ஆவணி பிறந்துவிட்டது. ஒரு மாலை மகள் அலுவலகத்திலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நேராக அவள் அம்மா உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"என்னை எடு. எடுத்துட்டு அதோட முடி" என்றாள்.

"நாலு நிமிஷம் ஆகும். ஆடக் கூடாது."

"ஆட மாட்டேன்."

கேமராவை மேசையில் வைத்து டேப்பைத் தூக்கினேன். எண்ண ஆரம்பித்தேன். நூறைத் தாண்டியபோது அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. கை மடியிலேயே இருந்தது, துடைக்கவில்லை. துடைத்தால் படம் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். இருநூற்று நாற்பது வந்ததும் டேப்பை ஒட்டினேன். அடுத்த படத்துக்குத் தள்ளினேன், ஃபிலிம் நகரவில்லை. ரோல் முடிந்திருந்தது.

மறுநாள் தி.நகருக்கு எடுத்துப் போனேன். ஒரு சந்துக்குள் லேப். நடத்துகிறவரை எனக்குப் பல வருடப் பழக்கம்.

"இன்னா சார், இந்த தபா கலரா? நீ எப்பவும் கறுப்பு வெள்ளதான எடுத்துக்கினு வருவ" என்றார். நடந்ததைச் சொன்னேன். என் கேமரா என்று சொன்னேன், மனைவியுடையது என்று சொல்லவில்லை.

"நீயே தொறந்துட்டியா? நல்லா கீதே கதை" என்று சிரித்தார். "மேல சுத்துனது எரிஞ்சு பூட்டிருக்கும் சார். மொதல்ல எடுத்தது அடில கீதுல்ல, அது தப்பிச்சாலும் தப்பிச்சிருக்கும். பாக்கலாம்."

மூன்றாம் நாள் கவரைக் கையில் கொடுத்தார். "ஆரம்பத்துல ஒம்போது கீது, ஓரம் மட்டும் வெந்துபோய்கீது. நடுவுல பதினாறு சுத்தமா காலி. கடைசி பதினொண்ணு உன்னுது, சோக்கா கீது" என்றார். வழியில் பிரிக்கவில்லை. மகள் வரும்வரை மேசையில் வைத்திருந்தேன்.

ஒன்பது படங்களையும் வரிசையாக அடுக்கினோம். ஒன்பதிலும் நான். அவள் எந்த மாதத்தில் எடுத்தாள் என்று அப்போது மேசையில் கிடந்த கேமராவை வைத்தே சொல்லிவிட முடிந்தது. ஒன்றில் முதுகு மட்டும் தெரிகிறது, பனியனில் தோள்பக்கம் ஒரு கிழிசல். ஒன்றில் எனக்கு முன்னால் ஒரு காபி டம்ளர், ஆடை படிந்து கிடக்கிறது. ஒன்றில் மூக்கு நுனியில் கண்ணாடி. எட்டாவது படத்தில் என் இடது கை உயர்ந்திருக்கிறது, உள்ளங்கை கேமராவைப் பார்த்து. ஏங்க, இங்க பாருங்களேன் என்று அவள் சொன்னதற்கு நான் சொன்ன பதில் அது. ஷட்டர் சத்தம்கூடக் கேட்டிருக்கும். நாள் முழுக்க ஷட்டரை அமுக்கிப் பார்க்கிறவன் காதில் அது இன்னொரு சத்தம், அவ்வளவுதான்.

ஒன்பதிலும் நான் குனிந்திருந்தேன்.

மகள் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்பதுக்கு அப்புறம் கன்னங்கரேல் என்று நீளமாக ஓடியது. விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டு போனாள்.

"பதினாறு இருக்குப்பா. அதுல ஒண்ணுல நீ நிமிர்ந்து பாத்திருக்கலாம்ல?"

அந்த ஆனி ஞாயிற்றுக்கிழமை காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்த பெண்ணின் குரல் அல்ல இது. என்னைத் தேற்றுகிறாள். அம்மாவை இழந்தவள், நாலு நிமிடம் ஆடாமல் அழுதவள், என்னைத் தேற்றுகிறாள். பத்து மாதமாக மரத்துக் கிடந்த இடத்தில் அப்போதுதான் வலி வந்தது.

"பாத்திருக்கலாம்" என்றேன்.

பார்க்கவில்லை. எரிந்துபோன பதினாறைப் பார்க்கத் தேவையே இல்லை, எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை நிமிர்ந்திருந்தால் கேமராவும் கையுமாக அவள் நிற்பதைப் பார்த்திருப்பேன். உள்ளே ஃபிலிம் இருப்பது தெரிந்திருக்கும். அந்தக் கதவை நான் திறந்திருக்கவே மாட்டேன்.