பதினெட்டு நாள் சொந்தக் கார்

பூதலூர் இராஜாங்கம் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் கார்களை ஓட்டினார். கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை அழைத்துவரத் திருச்சி ஏர்போர்ட்டுக்கு. அவருடைய அப்பா கடைசிவரை ஊரான் வயலில் நாற்றுப் பறித்தவர். அந்தக் குடும்பத்தில் சொந்த வண்டி என்பது சைக்கிளோடு நின்றிருந்தது.

ஐம்பது வயதில் தஞ்சாவூர் ஷோரூம் ஒன்றில் டாக்ஸிக்கென்று ஒரு கார் எடுத்தார். மனைவி அம்சத்தின் நகைகளில் தாலியைத் தவிர மற்றதையெல்லாம் விற்று முன்பணம் கட்டினார். மேனேஜர் தாளில் எழுதிக் காட்டினார்: ஒன்பது சதவீத வட்டி, ஐந்து வருஷத் தவணை. காட்டிய இடத்திலெல்லாம் இராஜாங்கம் கையெழுத்துப் போட்டார். சில தாள்களில் எழுத்தே இல்லை.

"அதெல்லாம் நாங்க நிரப்பிக்குவோம், போடுங்க" என்றார் மேனேஜர். லோன் உறுதியாகும் முன்பே, தற்காலிக நம்பரோடு அன்றே காரைக் கொடுத்துவிட்டார்.

நிரந்தர நம்பர் வரும்வரை வாடகைக்கு ஓட்ட முடியாது. அதனால் பக்கத்து வீட்டு தர்மாம்பாளை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் கூட்டிப்போனார். காசு வாங்கவில்லை. அந்த அம்மா படுத்துக்கொள்ள அம்சம் பின்சீட்டில் ஒரு தலையணை வைத்திருந்தாள்.

பதினெட்டாம் நாள் மேனேஜர் போன் செய்தார்.

"லோன் அப்படியே ஓகே ஆகலைங்க. வட்டி பதினாலரைன்னு சொல்றாங்க. இன்னும் அறுபதாயிரம் கட்டிட்டு, புதுசா கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

இராஜாங்கம் மகள் கனிமொழியுடன் காரிலேயே ஷோரூமுக்குப் போனார். அவள் பி.காம். முடித்து ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அப்பா கையெழுத்திட்ட தாளைக் காட்டச் சொன்னாள். கொண்டுவந்தார்கள். லோன் உறுதியாகும்வரை வட்டி மாறலாம், சம்மதம் இல்லாவிட்டால் முன்பணம் திரும்பாது என்று அச்சிட்டிருந்தது.

"அப்பா, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்மா."

"படிச்சீங்களா?"

"அப்ப அதுல ஒண்ணுமே இல்லம்மா."

மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை நம்பிப் போட்டேன். இப்ப தெரிஞ்சே போட மாட்டேன்" என்று இராஜாங்கம் எழுந்தார். ஷோரூம்காரர்கள் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அவர் பின்கதவைத் திறந்து தலையணையை எடுத்துக்கொண்டார். பூதலூர் பஸ்ஸில் அதை மடியில் வைத்தபடி வந்தார். வழியெல்லாம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது.

கனிமொழிதான் நுகர்வோர் கோர்ட்டுக்கு மனு எழுதினாள். மேனேஜர் கைப்பட எழுதிக் காட்டிய தாளை, கார் எடுத்த அன்று அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தபோதே அவள் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். பதினான்கு மாதம் கழித்து முன்பணத்தைத் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

அப்போது தர்மாம்பாள் உயிரோடு இல்லை. கார் போனபிறகு பஸ்ஸில்தான் போய்வந்தார். தை மாதம் ஒருநாள், திரும்பி வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸால் அல்ல, நோயால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். இராஜாங்கத்துக்கு மட்டும் அது மனசில் இறங்கவே இல்லை.

பணம் வந்த அன்று அம்சம் கேட்டாள்: "என்னங்க, இன்னொரு வண்டி பாக்கலாமா?"

"வேண்டாம்மா. உன் நகையை வாங்கிக்க."

தங்கம் விலை ஏறியிருந்தது. பழைய நகையில் பாதிதான் வந்தது. இராஜாங்கம் இப்போது நௌஷாத் என்பவரின் டிராவல்ஸில் மாதச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். சவாரி முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வருகிறார்.