கழுகுக்கு நான் போட்ட பாலிஷ்

ஐந்தாம் வகுப்போடு நாகரசம்பட்டியை விட்டு வந்தவன் நான். ஓசூரில் பாலிஷ் சக்கரத்தின் முன் நின்று நின்று கைரேகை தேய்ந்தது. இன்று பன்னிரண்டு சக்கரம் ஓடும் பட்டறைக்கு முதலாளி. பித்தளையோ எஃகோ, என் கை பட்டால் அதில் முகம் பார்த்து மீசை திருத்தலாம். தற்பெருமை என்பவர்கள் நேரில் வந்து பார்க்கட்டும்.

பெங்களூரு பக்கமிருந்து போர் விமானம் கூரைக்கு மேல் போனால் மெஷினை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பேன். அந்தப் பைத்தியம்தான் விமானப்படையின் ஸ்குவாட்ரன் பிரிவுகளின் நினைவாக வெளியாகும் வெள்ளி நாணயங்களைச் சேர்க்க வைத்தது. பத்து சேர்ந்ததும், ஓசூர் நாணயக் கண்காட்சியில் முதன்முறையாக எனக்கும் ஒரு மேசை கொடுத்தார்கள்.

முந்தின நாள் பெட்டியைத் திறந்தேன். ஒரு நாணயத்தில் பின்புலம் கண்ணாடியாக மின்னியது. ஸ்குவாட்ரன் சின்னமான கழுகு மட்டும் பனி படிந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. நாணயம் அடித்தவன் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். துணிச் சக்கரத்தில் இரண்டே நிமிடம். கழுகு பளபளவென்று எழுந்து வந்தது.

மறுநாள் கண்காட்சி நடத்தும் சங்கத்தின் செயலாளர், கன்னடம் பேசும் பாகலூர்க்காரர், லென்ஸில் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

“ஹாளு மாடிபிட்ரல்லா யஜமான்ரே! அந்த வெளுப்பு வேணும்னே விடறது. அதுதான் இதோட அழகே. கெடுத்துட்டீங்களே!”

“கெடுத்தனா? றெக்க மேல உங்க மூக்கு தெரியுதா இல்லியா?”

“தெரியுது. அதாங்க கோளாறு! மத்த ஒம்பதையும் வையுங்க, இத எடுத்துடுங்க.”

அந்த வெளுப்பின் சங்கதி எனக்குத் தெரியாது. இங்கே எழுதுகிறேன், அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. என் கைவேலையை நானே ஒளித்து வைப்பதா?

“வெச்சா பத்தும் வெப்பேன். இல்லன்னா மேசையே வேணாம்.”

“அப்ப பாலிஷ் போட்டதுன்னு சீட்டு எழுதி வெக்கணும். பாக்கறவங்க ஏமாறக் கூடாது. எழுதுவீங்களா?”

“பேனாவக் குடுங்க.”

மூலையில் பொடி எழுத்தில் கிறுக்குவேன் என்று நினைத்திருப்பார். அட்டை நிறைய எழுதினேன்: ‘இந்தக் கழுகுக்கு பாலிஷ் போட்டது நான்.’ கீழே என் பெயர், பட்டறை விலாசம். மாலைவரை அந்த மேசையை விட்டு நகரவில்லை. சிரித்தவர்களிடம், “சத்தமாப் படிச்சுட்டு சிரிங்க,” என்றேன்.